ஒஹாயோவின் அலையன்ஸ் ஊரிலிருந்து இத்தனை பயிற்சியாளர்கள் எப்படி? மவுண்ட் யூனியன் பயிற்சிக் குழு பற்றிய விவாதம்

ஏரிக்கரையான் (இழையைத் தொடங்கியவர்)

2025 டிசம்பரில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம் மேட் கேம்பெல்லைத் தன் அமெரிக்கன் ஃபுட்பால் அணியின் தலைமைப் பயிற்சியாளராக நியமித்ததிலிருந்து இந்தத் தளத்தில் ஒரே கேள்வி: யார் இவர்? "அயோவா ஸ்டேட்டில் இருந்தவர்" என்று சொல்லி எல்லோரும் முடித்துவிடுகிறார்கள். அயோவா ஸ்டேட்டுக்கு முன்னால் டொலீடோ. அதற்கும் முன்னால், 2005, 2006 ஆண்டுகளில், அலையன்ஸ் என்ற சிறிய ஊரில் இருக்கும் மவுண்ட் யூனியன் கல்லூரியின் தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பாளர். அப்போது அவருக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயது. இரண்டு ஆண்டுகளும் அந்த அணி கல்லூரி ஆட்டத்தின் மூன்றாம் அடுக்கான டிவிஷன் 3இன் தேசியப் பட்டத்தை வென்றது.

அவருக்குப் பிறகு 2007, 2008இல் அதே பொறுப்பில் இருந்தவர் ஜேசன் கேண்டில். பின்னாளில் டொலீடோவின் தலைமைப் பயிற்சியாளராகி 2017, 2022 ஆண்டுகளில் அதன் மாநாட்டுப் பட்டத்தை வென்றார் (மாநாடு என்றால் சில கல்லூரிகள் சேர்ந்து தமக்குள் ஆடும் குழு). கேம்பெல் வருவதற்குச் சற்று முன்னால் தடுப்புப் பிரிவின் பின்வரிசைக்குப் பயிற்சியளிக்க ஆரம்பித்த ஓர் இளைஞர் நிக் சிரியானி. 2025 பிப்ரவரியில் பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியுடன் தொழில்முறை ஆட்டத்தின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை வென்றவர் அவர்தான். கன்சாஸ் சிட்டியை 40–22 என்று தோற்கடித்த ஆட்டம் நினைவிருக்கும்.

இவர்கள் எல்லோருக்கும் மேலே இருந்தவர் லாரி கெரஸ். 1986 முதல் 2012 வரை 27 பருவங்கள். 332 வெற்றி, 24 தோல்வி, 3 சமன். 11 தேசியப் பட்டங்கள். கல்லூரி ஆட்டத்தின் வரலாற்றில் வெற்றி விகிதத்தில் அவருக்கு மேல் எவரும் இல்லை. இந்த எண்களைப் பார்த்தவுடன் எல்லோரும் "மாமேதை" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மேதைகள் பலர் ஓய்வு பெற்ற மறு ஆண்டே அவர்களுடைய அணி சரிந்திருக்கிறது. இங்கே உதவியாளர்கள் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை கிளம்பிப் போய்க்கொண்டே இருந்தார்கள். அணி வென்றுகொண்டே இருந்தது. கெரஸ் விலகிய பிறகும் அவர் மகன் வின்ஸ் கெரஸ் 2015, 2017இல் பட்டம் வென்றார்.

ஆகவே கேள்வி இதுதான். பயிற்சிக் குழு என்ற ஒன்றை அவர் எப்படிக் கட்டினார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கருங்குழி_பாலு

ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. டிவிஷன் 3இல் விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. நல்ல ஆட்டக்காரனைப் பெரிய பல்கலைக்கழகங்கள் முதலிலேயே அள்ளிக்கொண்டு போய்விடும். மிச்சமிருப்பவர்களை வைத்து மிச்சமிருப்பவர்களோடு மோதுகிற ஆட்டம் இது. அதிலும் ஒஹாயோ மாநாட்டில் பாதி அணிகள் மவுண்ட் யூனியனிடம் ஐம்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்பதற்காகவே களமிறங்கின போலிருக்கிறது. பட்டியலிலுள்ள 332இல் எத்தனை உண்மையான போட்டி என்று யாராவது பிரித்துச் சொன்னால் ஏரிக்கரையானின் வியப்பில் நானும் பங்கெடுக்கிறேன்.

ஏரிக்கரையான்

பாலு ஐயா, அந்தக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். தேசியப் பட்டத்துக்கான சுற்றுகளில் எதிரே வருபவர்கள் ஒஹாயோ அணிகள் அல்லர். நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் தங்கள் மாநாட்டை வென்றவர்கள். அந்த வடிகட்டலில் 11 முறை கடைசிவரை நின்றிருக்கிறார்கள். 1996இல் தொடங்கிய 54 ஆட்ட வெற்றித் தொடரை 1999 அரையிறுதியில் ரோவன் அணி முறித்தது. அடுத்த பருவத்திலேயே இன்னொரு தொடர் தொடங்கி 55 வரை போனது. மேலும் அந்த 24 தோல்விகளில் நான்கு, இறுதியாட்டத்தில், ஒரே அணியிடம்: விஸ்கான்சின்-வைட்வாட்டர், 2007, 2009, 2010, 2011.

உதவித்தொகை இல்லை என்பதுதான் என் வாதத்துக்கே அடிப்படை. பணத்தால் யாரையும் இழுக்க முடியாத இடத்தில் ஓர் அணி மட்டும் கால் நூற்றாண்டு மேலே நிற்கிறது என்றால் வித்தியாசம் பயிற்சியில்தான் இருக்க வேண்டும்.

புதுவரவு_சேலம்

குறுக்கிடுவதற்கு மன்னியுங்கள். நான் இந்த ஆட்டத்தைச் சென்ற ஆண்டிலிருந்துதான் பார்க்கிறேன். ஒவ்வொரு அணிக்கும் பத்துப் பதினைந்து பயிற்சியாளர்கள் காதில் கருவியோடு நிற்கிறார்களே, இவர்கள் அனைவரும் என்ன செய்கிறார்கள்? தலைமைப் பயிற்சியாளர் ஒருவர் போதாதா?

நான்காம்_முயற்சி

சேலத்து நண்பரே, உங்கள் கேள்விதான் இந்த இழைக்கே தேவையான கேள்வி.

இந்த ஆட்டம் ஒவ்வொரு முறையும் நின்று தொடங்குகிறது. ஒரு நகர்வு முடிந்து அடுத்தது தொடங்க நாற்பது விநாடிக்கு மேல் இருக்காது. அந்த இடைவெளியில் ஒருவர் அடுத்த நகர்வைத் தேர்ந்தெடுத்துச் சொல்ல வேண்டும். எதிரணியில் அதேபோல் ஒருவர் அதை எதிர்பார்த்துத் தன் ஆட்களை நிறுத்த வேண்டும். தாக்குதலுக்கு ஒரு பொறுப்பாளர், தடுப்புக்கு ஒரு பொறுப்பாளர் என்று இருவர் இருப்பது இதற்காகத்தான். தாக்குதலில் ஆடும் பதினொருவரும் தடுப்பில் ஆடும் பதினொருவரும் வேறு வேறு ஆட்கள். உதை, பந்தைத் திருப்பிக் கொண்டுவருதல் போன்றவற்றுக்கு மூன்றாவதாகச் 'சிறப்பு அணி' ஒன்று உண்டு.

இதற்குக் கீழே இடவாரியான பயிற்சியாளர்கள். பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு ஒருவர், அதை ஓடிப் பிடிக்கும் ரிசீவர்களுக்கு ஒருவர், முன்வரிசைத் தடியர்களுக்கு இருபக்கமும் ஒவ்வொருவர், தடுப்பில் அவர்களுக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கர்களுக்கு, பின்வரிசைக்கு என்று போகும். சிலர் களத்தின் ஓரத்தில் நிற்பார்கள். சிலர் மேலே கண்ணாடி அறையில் உட்கார்ந்து முழுக் களத்தையும் பார்த்துக் கீழே சொல்வார்கள். ஒரு முன்வரிசை ஆட்டக்காரன் தன் கால் எங்கே ஊன்றியது என்பதைத் தலைமைப் பயிற்சியாளரால் பார்க்கவே முடியாது. அதைப் பார்ப்பதற்கென்றே ஒருவர் இருக்கிறார்.

பெரிய பல்கலைக்கழகங்களில் இவர்களைத் தவிர காணொளியை அலசுவதற்கே ஒரு படை இருக்கும். சிறிய கல்லூரியில் முழுநேரச் சம்பளம் வாங்குபவர்கள் பெரும்பாலும் மூன்று நான்கு பேர்தான். மீதி, பகல் முழுவதும் அருகிலுள்ள பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் வருபவர்கள். முதுகலை படித்துக்கொண்டே பயிற்சியளிப்பவர்கள். போன ஆண்டுவரை அதே அணியில் ஆடிவிட்டு ஊரைவிட்டுப் போக மனமில்லாமல் இருப்பவர்கள். இந்தக் கூட்டத்தை வைத்து ஒழுங்கான வேலை வாங்குவதுதான் சிறு கல்லூரித் தலைமைப் பயிற்சியாளரின் உண்மையான திறமை. சனிக்கிழமை ஆட்டத்தில் அவர் செய்வது அதில் சிறு பகுதி.

தேன்மொழி_மினசோட்டா

எல்லோரும் ஒஹாயோவிலேயே நிற்கிறீர்களே. எங்கள் பக்கம் கொஞ்சம் வாருங்கள்.

காலேஜ்வில் என்ற இடத்தில் பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடத்தை ஒட்டி செயிண்ட் ஜான்ஸ் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜான் கலியார்டி 1953 முதல் 2012 வரை அறுபது பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தார். அதற்கு முன் மொண்டானாவில் கேரல் கல்லூரியில் நான்கு பருவங்கள். மொத்தம் 489 வெற்றிகள். கல்லூரி ஆட்டத்தில், எந்தப் பிரிவானாலும், எவரும் அந்த எண்ணை எட்டவில்லை. அவர் பயிற்சியளிக்கத் தொடங்கியதே பதினாறு வயதில். கொலராடோவில் அவர் படித்த பள்ளியின் பயிற்சியாளர் இரண்டாம் உலகப் போருக்குப் போய்விட்டதால், அணியை மூடிவிடாதீர்கள், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பொறுப்பேற்றுக்கொண்டார்.

அவருடைய முறை 'இல்லை'களின் பட்டியல். பயிற்சியில் ஆளை மோதி வீழ்த்துவது இல்லை. விசில் இல்லை. தள்ளிப் பழகும் இரும்புச் சட்டங்கள் இல்லை. 'கோச்' என்று அழைப்பதும் கிடையாது; எல்லோருக்கும் அவர் 'ஜான்'. பயிற்சி ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டாது. யாரையும் அணியிலிருந்து கழிப்பதில்லை. வந்தவர்கள் எல்லோருக்கும் சீருடை உண்டு.

இதில் இந்த இழைக்கு வேண்டிய விஷயம் இருக்கிறது. மோதிப் பழகாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இந்த ஆட்டத்தைக் கற்பிக்க வேண்டுமானால் ஒவ்வொருவனும் தன் இடத்தையும் எதிரியின் ஒவ்வொரு நிலைப்பாட்டையும் தலைக்குள் வைத்திருக்க வேண்டும். நடந்து நடந்தே பழகுவார்கள். அதற்குப் பல ஆண்டுகள் ஒரே மொழியில் பேசிய உதவியாளர்கள் தேவை. கலியார்டியிடம் இருந்த குழு சிறியது; ஆனால் யாரும் எளிதில் வெளியேறவில்லை. ஜெரி ஹாகன் பல பத்தாண்டுகள் உடனிருந்து தடுப்புப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். அதே கல்லூரியின் பேஸ்பால் அணிக்கும் அவர்தான் பயிற்சியாளர்! கலியார்டியின் மகன் ஜிம் தாக்குதல் பிரிவில் இருந்தார். 2013இல் பொறுப்பேற்ற கேரி ஃபாஷிங்கும் நீண்ட நாள் உதவியாளர்தான்.

ஏரிக்கரையான் சொன்ன 55 ஆட்டத் தொடர் எங்கே முடிந்தது என்று அவர் சொல்லாமல் விட்டுவிட்டார். 2003 இறுதியாட்டத்தில், வர்ஜீனியாவின் சேலத்தில், 77 வயதுக் கலியார்டியின் அணியிடம். 24–6.

புதுவரவு_சேலம்

அமெரிக்காவிலும் ஒரு சேலமா! தோற்ற இடம் எங்கள் ஊர்ப் பெயராக இருப்பதில் ஏரிக்கரையானுக்கு வருத்தம் வேண்டாம்.

கருங்குழி_பாலு

தேன்மொழி அவர்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் இழையின் தலைப்பே கேள்விக்குரியதாகிவிடுகிறது. ஓரிடத்தில் உதவியாளர்கள் வந்து போகிறார்கள், வெற்றி. இன்னோரிடத்தில் உதவியாளர்கள் அசையாமல் இருக்கிறார்கள், அங்கேயும் வெற்றி. அப்படியானால் குழுவின் அமைப்புக்கும் வெற்றிக்கும் என்ன தொடர்பு? தலைவர் திறமைசாலி என்ற பழைய விளக்கத்துக்கே திரும்பி வந்துவிட்டோம்.

நான்காம்_முயற்சி

பாலு, மூன்றாவது வகையையும் கேட்டுவிட்டுத் தீர்ப்பு எழுதுங்கள்.

வைட்வாட்டர் அரசுப் பல்கலைக்கழகம். 2005, 2006 இரண்டு இறுதியாட்டங்களிலும் மவுண்ட் யூனியனிடம் தோற்றது. அதுவரை அங்கே நீண்ட காலம் தலைமைப் பயிற்சியாளராக இருந்த பாப் பெரசோவிட்ஸ் ஓய்வு பெற, 2007இல் லான்ஸ் லைபோல்ட் வந்தார். அவரும் அதே கல்லூரியின் பழைய குவார்ட்டர்பேக். எட்டுப் பருவங்களில் 109 வெற்றி, 6 தோல்வி, ஆறு தேசியப் பட்டங்கள். முதல் நூறு வெற்றிகளை 106 ஆட்டங்களில் எட்டினார்; அவ்வளவு விரைவாக எட்டியவர் வேறு யாரும் இல்லை. 2013 இறுதியாட்டத்தில் மவுண்ட் யூனியனை 52–14 என்று துவைத்தெடுத்தார்.

இவருடைய தனித்தன்மை, போகுமிடமெல்லாம் குழுவைக் கூட்டிக்கொண்டு போனது. தடுப்புப் பிரிவைப் பார்த்த பிரயன் போர்லாண்ட் வைட்வாட்டரிலிருந்து 2015இல் பஃபலோவுக்கு, 2021இல் கன்சாஸுக்கு, 2024 பருவத்துக்குப் பின் ஓய்வு பெறும்வரை அவருடனேயே இருந்தார். தாக்குதல் பிரிவின் ஆண்டி கோடெல்னிக்கி வைட்வாட்டரில் கடைசி இரண்டு ஆண்டுகளில் சேர்ந்து, 2023 வரை கூடவே பயணம் செய்தார். பல ஆண்டுகளாகக் கேலிக்குரிய அணியாக இருந்த கன்சாஸ் 2023இல் ஒன்பது ஆட்டங்களை வென்றது. அதில் ஓக்லஹோமாவை வீழ்த்தியதும் ஒன்று. டிவிஷன் 3இல் கற்ற அதே ஆட்கள், அதே பேச்சுவழக்கு, அதே காணொளி அறை ஒழுங்கு.

கோடெல்னிக்கி 2024இல் பென் ஸ்டேட்டுக்குப் போன பிறகு கன்சாஸ் 5–7க்கு இறங்கியது. அதற்குக் காயம், அட்டவணை என்று வேறு காரணங்களையும் சொல்லலாம். எனக்கு என்னவோ, ஒரு கால் உடைந்த முக்காலியில் உட்கார்ந்திருந்தார்கள் என்றே பட்டது.

கணக்கு_ஆசிரியர்

நான் அமெரிக்காவில் ஒரு சிறு கல்லூரியில் கணிதம் கற்பிப்பவன். பெயர் வேண்டாம். எங்கள் அணி எந்தப் பட்டத்தையும் வென்றதில்லை. ஆனால் இந்தப் பயிற்சியாளர்களோடு ஒரே உணவுக்கூடத்தில் சாப்பிடுகிறேன். யாரும் தொடாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

தனியார் சிறு கல்லூரிகளில் இந்த அணி ஏன் இருக்கிறது? நிர்வாகத்துக்கு அது மாணவர் சேர்க்கைத் துறையின் ஒரு கிளை. உதவித்தொகை கிடையாது என்றால் ஆடுகிற நூற்றைம்பது பையன்களும் கல்விக் கட்டணம் செலுத்துகிறார்கள் என்று பொருள். கட்டணச் சலுகைகள் எல்லாம் போக மீதி வருவதே கல்லூரிக்குப் பெரிய தொகை. ஆகவே பயிற்சியாளரின் வேலையில் பாதிக்குமேல் ஆள் சேர்ப்பது. டிசம்பர் முதல் மே வரை அவர்கள் பள்ளி பள்ளியாக, வீடு வீடாகப் போகிறார்கள். "இவ்வளவு பேரைக் கொண்டுவர வேண்டும்" என்று இலக்கு கொடுக்கப்படுகிறது. மைதானத்தில் வென்ற உதவியாளரைவிட இருபது பேரைச் சேர்த்த உதவியாளருக்கு நிர்வாகத்தில் மரியாதை அதிகம்.

சம்பளத்தைப் பற்றி எழுதவே கூசுகிறது. எங்கள் உதவியாளர்களில் ஒருவர் கல்லூரி விடுதியில் காவலராகவும் இருக்கிறார். அறை வாடகை மிச்சம். இன்னொருவர் கோடையில் புல் வெட்டுகிறார். ஞாயிறு காலை ஏழு மணிக்கு முந்தைய நாள் ஆட்டத்தின் காணொளியோடு உட்கார்ந்தால் இரவுதான் எழுந்திருப்பார்கள். திங்கட்கிழமை இரண்டாம்நிலை ஆட்டக்காரர்களுக்கான தனி ஆட்டம். அதைப் பெரும்பாலும் இளம் உதவியாளர்களிடம் விட்டுவிடுவார்கள். வியாழன்வரை திட்டம், வெள்ளி பஸ் பயணம். இதற்கு நடுவே என்னிடம் வந்து, அந்தப் பையன் நுண்கணிதத்தில் தேறுவானா, தனி வகுப்பு ஏற்பாடு செய்யலாமா என்று கேட்பதும் அவர்கள்தான்.

மவுண்ட் யூனியன் இருபத்தைந்து வயதுக்காரருக்குத் தாக்குதல் பிரிவையே கொடுத்தது என்று நீங்கள் வியக்கிறீர்கள். முப்பத்தைந்து வயதுக்காரர் குடும்பத்தோடு அந்தச் சம்பளத்தில் எத்தனை நாள் இருப்பார்? இளைஞர்களிடம் பொறுப்பைக் கொடுப்பது பெரும்பாலான கல்லூரிகளுக்கு வேறு வழியில்லாத ஏற்பாடு. அதைத் தத்துவமாக்கிக் கொண்டாடும்போது எனக்கு எரிச்சல் வருகிறது.

ஏரிக்கரையான்

ஆசிரியர் அவர்களே, நீங்கள் எழுதியதில் ஒரு வரியையும் மறுக்கமாட்டேன். ஆனால் எல்லாச் சிறு கல்லூரிகளும் இதே நெருக்கடியில்தான் இளைஞர்களை வைத்துக்கொள்கின்றன. எல்லா இடத்திலிருந்தும் சிரியானியும் கேம்பெல்லும் வரவில்லையே.

நான் கவனித்த ஒன்று. சிரியானி ஆடியது ரிசீவராக, அதாவது தாக்குதல் பிரிவில். பயிற்சியாளராக முதலில் அவருக்குக் கொடுக்கப்பட்டது தடுப்புப் பிரிவின் பின்வரிசை. யாரை ஏமாற்றி ஓடிப் பழகினாரோ அவர்களுக்கே ஆசிரியரானார். கேம்பெல் நேர் எதிர். அவர் தடுப்பு முன்வரிசையில் ஆடிய முரட்டு ஆள். பயிற்சியாளராக அவரிடம் ஒப்படைக்கப்பட்டது தாக்குதல் பிரிவு. இது தற்செயலா, ஆள் பற்றாக்குறையா, கெரஸ் வேண்டுமென்றே செய்ததா என்பதில் நீங்கள் எந்தக் கட்சியில் வேண்டுமானாலும் சேரலாம். விளைவு மட்டும் தெளிவு: இருவருமே ஆட்டத்தின் இரண்டு கரைகளையும் முப்பது வயதுக்கு முன் பார்த்துவிட்டார்கள். பெரிய பல்கலைக்கழகத்தில் ஓர் இளம் உதவியாளர் பத்து ஆண்டுகள் ஒரே இடத்துக்கான காணொளியை வெட்டிக்கொண்டிருப்பார். அங்கே இந்த வாய்ப்பு கிடைக்காது.

இன்னொன்று. கெரஸே 11 பருவங்கள் கென் வேபிளுக்குக் கீழ் உதவியாளராக இருந்தவர். அதே கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடியவர். உதவியாளர் என்ற நிலையில் நீண்ட காலம் உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் இளைஞருக்கு எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக் கூடாது என்று தெரியும். மேலும் தலைமைப் பயிற்சியாளராக இருந்தபோதே அவர் கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநரும்கூட. ஒருவரை வேலைக்கு எடுக்க வேறு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

கணக்கு_ஆசிரியர்

கடைசி இரண்டு வாக்கியங்களில்தான் விஷயமே இருக்கிறது. பயிற்சியாளரும் அவருக்கு மேலதிகாரியும் ஒரே ஆள்! எங்கள் பயிற்சியாளர் ஒரு புதிய தள்ளுசட்டம் வாங்க மூன்று கையொப்பம் பெற வேண்டும்.

தேன்மொழி_மினசோட்டா

அந்த அதிகாரத்தின் மறுபக்கத்தையும் பேச வேண்டும். விளையாட்டுத் துறை இயக்குநரான தந்தை பயிற்சிப் பதவியிலிருந்து விலகுகிறார், மகன் தலைமைப் பயிற்சியாளராகிறார். நம் ஊர் அரசியலில் இதைப் பார்த்தால் என்ன எழுதுவோம்?

வின்ஸ் கெரஸ் 95 வெற்றி, 6 தோல்வி என்று முடித்தார். தகுதியை நான் சந்தேகிக்கவில்லை. அதற்கு முன்னால் தடுப்புப் பிரிவைப் பல ஆண்டுகள் அவர்தான் நடத்தினார். இல்லினாய்ஸில் இருக்கும் நார்த் சென்ட்ரல் கல்லூரியிலும் ஜான் தோர்ன் விலகியபோது மகன் ஜெஃப் தோர்ன் வந்தார், 2019இல் அந்தக் கல்லூரிக்கு முதல் பட்டத்தை வென்று கொடுத்தார். இருந்தாலும், மவுண்ட் யூனியனில் முன்பு ஆடியவர், அங்கேயே பயிற்சியளித்தவர், அவர் நண்பர், அவர் மகன் என்றே பட்டியல் நீளும்போது வெளியாள் ஒருவருக்கு அந்தக் கதவு எப்போதாவது திறக்குமா? இப்போது இருக்கும் ஜெஃப் டார்ட்டும் அங்கே முன்வரிசையில் ஆடியவர்தான்.

வின்ஸைப் பற்றி எனக்குப் பிடித்தது வேறு. 2020இல் அவர் தலைமைப் பதவியை விட்டுவிட்டு டொலீடோவுக்குத் தடுப்புப் பிரிவுப் பொறுப்பாளராகப் போனார். அங்கே அவருக்கு மேலதிகாரி, அலையன்ஸில் தன் தந்தையிடம் உதவியாளராக இருந்த கேண்டில். அரசியல் வாரிசு யாராவது இப்படிச் செய்வாரா?

கருங்குழி_பாலு

எல்லோரும் வென்றவர்களையே அடுக்குகிறீர்கள். அலெக்ஸ் கிரின்ச்சும் மவுண்ட் யூனியனில் ஆடியவர்தான். வாஷிங்டன் ஸ்டேட்டில் பெயர் வாங்கினார், ஓக்லஹோமாவுக்குப் போனார், தென் கலிபோர்னியாவுக்கு (யுஎஸ்சி) போனார். 2023 நவம்பரில், பருவம் முடிவதற்கு முன்பே, தடுப்புப் பிரிவு ஓட்டையாகிவிட்டதென்று அவரை நீக்கினார்கள். அலையன்ஸ் தண்ணீரைக் குடித்தவர்கள் எல்லோரும் மேதை ஆகிவிடுவதில்லை.

இன்னும் சொல்கிறேன். டாம் கேப்பர்ஸ் எந்தக் கல்லூரி? கரோலினா பேந்தர்ஸ், ஹூஸ்டன் டெக்சன்ஸ் என்று தொழில்முறை லீகான என்எஃப்எல்லின் இரண்டு புதிய அணிகளுக்கு முதல் தலைமைப் பயிற்சியாளர் அவர். அவரும் மவுண்ட் யூனியன்தான், ஆனால் கெரஸ் தலைமைப் பயிற்சியாளர் ஆவதற்குப் பல ஆண்டுகள் முன்பே படித்து வெளியேறியவர். ஆகவே இந்தப் பயிற்சியாளர் நாற்றங்காலைக் கெரஸ் உண்டாக்கினார் என்பது சரியல்ல. மண் முன்பே அப்படித்தான் இருந்தது.

கணக்கு_ஆசிரியர்

பாலு சொல்லும் மண் விஷயத்தில் உண்மை இருக்கிறது. வரைபடத்தைப் பாருங்கள். அலையன்ஸ், கேன்டன், மாசிலன் மூன்றும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். தொழில்முறை ஆட்டத்தின் புகழ்க்கூடம் கேன்டனில் இருக்கிறது. மாசிலன் பள்ளியில் 1932 முதல் 1940 வரை பயிற்சியளித்தவர் பால் பிரவுன். உதவிப் பயிற்சியாளர்களை ஆண்டு முழுவதும் முழுநேர ஊழியர்களாக வைத்துக்கொள்ளும் வழக்கத்தைத் தொழில்முறை ஆட்டத்தில் கொண்டுவந்ததாகப் பெயர் பெற்றவரும் அவரே. நாம் இங்கே 'பயிற்சிக் குழு' என்று பேசிக்கொண்டிருக்கும் அமைப்பே அந்த வட்டாரத்தில் விளைந்தது. அங்கே பள்ளிப் பயிற்சியாளர் என்பது ஊர் மதிக்கும் பதவி. ஆகவே இருபத்திரண்டு வயதில் ஒருவன் 'பயிற்சியாளர் ஆகப்போகிறேன்' என்று சொன்னால் பெற்றோர் தலையில் கை வைப்பதில்லை.

ஏரிக்கரையான்

மண் ஒன்றுதான். ஆனால் அதே மாநிலத்தில், அதே மாநாட்டில் ஆடிய மற்ற கல்லூரிகளுக்கும் அதே பள்ளிகளிலிருந்துதான் பையன்கள் வந்தார்கள். அவர்களால் முடியவில்லை, முடிந்த ஒரு முறை யாரால் முடிந்தது தெரியுமா? மவுண்ட் யூனியனின் 110 ஆட்ட வழக்கமான பருவ வெற்றித் தொடரை 2005இல் முறித்தது ஒஹாயோ நார்தர்ன். அதன் தலைமைப் பயிற்சியாளர் டீன் பால், மவுண்ட் யூனியனின் பழைய மாணவர். வீழ்த்துவதற்குக்கூட வீட்டு ஆள் தேவைப்பட்டார்.

நான்காம்_முயற்சி

இது அருமை! பாலு, இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

கருங்குழி_பாலு

110 ஆட்டம் ஒருவரும் தடுக்க முடியாத மாநாடு எவ்வளவு பலவீனமானது என்றுதான் சொல்கிறேன். முதல் பதிவிலிருந்து அதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ஆட்டத்தை விடுங்கள், போகிறவனைப் போகவிடும் தைரியம் எனக்குப் பிடித்திருக்கிறது. நான் வேலை பார்த்த இடங்களில் நன்றாகச் செய்பவனை நாற்காலியோடு கட்டிவைத்தார்கள்.

புதுவரவு_சேலம்

இவ்வளவு படித்த பிறகு பார்க்காமல் இருக்க முடியாது. இந்த டிவிஷன் 3 ஆட்டங்களை எப்போது பார்க்கலாம்? மவுண்ட் யூனியன் இன்னும் வெல்கிறதா?

தேன்மொழி_மினசோட்டா

பருவம் செப்டம்பரில் தொடங்கும். வழக்கமான ஆட்டங்கள் நவம்பர் நடுவில் முடிந்ததும் வெளியேற்றுச் சுற்றுகள். 2024 முதல் 40 அணிகள் தகுதி பெறுகின்றன. அதனால் ஸ்டாக் பவுல் என்ற இறுதியாட்டம் ஜனவரிக்குத் தள்ளிப்போய்விட்டது. மவுண்ட் யூனியன் 2022 பருவத்திலும் 2024 பருவத்திலும் இறுதிவரை வந்து, இரண்டு முறையும் நார்த் சென்ட்ரலிடம் தோற்றது. இப்போது நார்த் சென்ட்ரலின் தலைமைப் பயிற்சியாளர் பிராட் ஸ்பென்சர். அவரும் அங்கேயே ரிசீவராக ஆடி, அங்கேயே தாக்குதல் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர். பல கல்லூரிகள் சொந்த ஆட்டங்களைத் தங்கள் இணையதளத்திலேயே ஒளிபரப்புகின்றன. சனிக்கிழமை இரவு பத்தரைக்கு மேல் உங்கள் ஊரில் விழித்திருக்க முடிந்தால் போதும்.

ஏரிக்கரையான்

பார்க்கும்போது பந்தை மட்டும் பார்க்காதீர்கள், சேலத்துக்காரரே. ஒரு நகர்வு முடிந்ததும் ஓரத்தில் நிற்கும் இளம் உதவியாளர் யாரிடம் ஓடுகிறார், என்ன சைகை காட்டுகிறார் என்று கவனியுங்கள். அடுத்த கேம்பெல் யார் என்று பாலுவுக்கு முன்னால் கண்டுபிடித்து இங்கே எழுதுங்கள்.